அடுப்பில் எரிந்த சீட்டுக்கட்டு

தவக்கால ஞாயிறு ஒன்றில் நாம் ஆற்றிய மறையுரை, ஆண்டுகள் பல கழிந்தும் நமது நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று நாம் சொன்னவை பொய்யல்ல. ஆயினும் சொல்ல வேண்டியவற்றுள் பாதியை மட்டுமே சொன்னோம். சொல்லாது விட்ட மறுபாதியின் விளைவை ஓர் ஏழைக் குடும்பம் சுமக்க நேர்ந்தது. அதனை இல்லத்தார் அனைவர் முன்னும் ஒப்புக்கொள்வதே முறையென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

அந்நாளில் நமது பணித்தளம் கடையநல்லூர்ப் பகுதியில் இருந்தது. மேற்கே மலைத்தொடர், கீழே கருப்பாநதி நீர் பாயும் வயல்கள், தெருக்களில் தறியின் ஓசை, திண்ணைகளில் மடியிலே சுளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர். இவையெல்லாம் சேர்ந்ததே அவ்வூரின் வாழ்வு. இசுலாமியரும் இந்துக்களும் நிறைந்து வாழும் அவ்வூரில் நம் மக்கள் சிலரே. ஆயினும் ஒருவர் வீட்டு இன்பதுன்பத்தில் மற்றவர் பங்கேற்கும் நல்வழக்கம் அங்கு இன்றும் உண்டு.

ஒரு நாள் இரவு, துக்க வீடு ஒன்றுக்குச் செபிக்கச் சென்றோம். உள்ளே இறந்தவரின் மனைவி அழுதுகொண்டிருந்தார். வெளியே பந்தலில், விளக்கின் கீழ் வட்டமிட்டு அமர்ந்த சிலர், விடியும் வரை பொழுதைப் போக்குவதற்கென்று பணம் வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் தமது வாரக் கூலி முழுவதையும் அங்கேயே தோற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார் என்று மறுநாள் அறிந்தோம். நமது உள்ளம் கொதித்தது. அடுத்த ஞாயிறன்று, “சீட்டுக்கட்டு இருக்கும் வீட்டில் சமாதானம் தங்காது; அதனை எடுத்து எரித்துவிடுங்கள்” என்று முழங்கினோம். கோவிலில் அமைதி நிலவியது. நமது சொல் நன்றாகத் தைத்தது என்று எண்ணி மகிழ்ந்தோம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. வீடு சந்திப்பின்போது முதிய நெசவாளர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றோம். சாரல் பெய்துகொண்டிருந்தது. தெருவில் பாவு விரிக்க வழியில்லாமையால் தறி சும்மா கிடந்தது. பெரியவர் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார். பதினாறு வயதுப் பேரன் உள்ளே ஒரு மூலையில், கைப்பேசியின் ஒளி முகத்தில் விழ, குனிந்த தலை நிமிராமல் இருந்தான். நாம் வந்ததையும் அவன் அறியவில்லை.

“தம்பி என்ன செய்கிறான்?” என்று கேட்டோம்.

“சீட்டாடுறான் சாமி.”

“சீட்டா? இந்த வீட்டிலா?”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: “நீங்க பிரசங்கத்துல சொன்ன அன்னைக்கே கட்டை எடுத்து அடுப்புல போட்டுட்டேன் சாமி. அதனால பேரன் ஆடாமலா இருக்கான்? முன்னால எங்க கூட ஆடுனான். இப்பத் தனியா ஆடுறான். அவ்வளவுதான்.”

அவர் நம்மைக் குறை கூறவில்லை. உள்ளதைச் சொன்னார். விசாரித்தபோது மேலும் அறிந்தோம். அவ்வீட்டில் சாரல் காலந்தோறும் தாத்தாவும் ஆச்சியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடி அமர்ந்து ‘இருபத்தெட்டு’ ஆடுவது வழக்கம். காசு என்பதே அங்கு வந்ததில்லை. வெற்றி தோல்வியைக் கணக்கிடப் புளியமுத்துகளே போதுமாயிருந்தன. குருவானவர் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்திற்காகப் பெரியவர் கட்டை எரித்தார். ஆட்டம் நின்றது. கூடி அமர்வதும் நின்றது. பேரனோ திரையில் முகமறியாதவர்களோடு பணம் வைத்து ரம்மி ஆடக் கற்றுக்கொண்டான். தங்கையின் பள்ளிக் கட்டணத்திற்கெனத் தந்தை கடல் கடந்து உழைத்து அனுப்பிய தொகை அத்திரைக்குள் மறைந்தது பின்னரே தாய்க்குத் தெரியவந்தது.

துக்க வீட்டுப் பந்தலுக்கும் அம்முதியவரின் திண்ணைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அன்று காணத் தவறினோம்.

சூது வேறு, ஆட்டம் வேறு

சூதின் கேட்டைக் குறித்து நமது முன்னோர் ஐயமற அறிந்திருந்தனர். திருவள்ளுவர் தமது நூலின் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். சூதில் வரும் வெற்றியும் மீன் விழுங்கும் தூண்டிலே என்பது அவர் காட்டும் உண்மை. நமது அண்டை வீட்டு இசுலாமியப் பெருமக்களின் நெறியும் சூதை அறவே விலக்குகிறது. திருச்சபையின் புனிதர்களும் இதில் கடுமை காட்டினர். சியன்னா நகரப் புனித பெர்நர்தீன் 1423ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் சூதாட்டத்திற்கு எதிராகப் போதித்தபோது, மக்கள் தங்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து பொது இடத்தில் தீயிலிட்டனர். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில், சதுரங்கம், பந்தாட்டம் போன்ற திறமை ஆட்டங்களை அளவோடு ஆடலாம் என்று இசைந்தார். ஆனால் பகடையையும் சீட்டையும், உழைப்புக்கோ அறிவுக்கோ இடமின்றித் தற்செயலையே நம்புபவை எனக் கண்டித்தார்.

புனித பெர்நர்தீனைப் பற்றி வழங்கும் வரலாறு இத்தோடு முடிவதில்லை. அவரது போதனையால் பிழைப்பை இழந்த சீட்டுத் தொழிலாளி ஒருவர் அவரிடம் வந்து முறையிட்டாராம். புனிதர் அவரைக் கடிந்து அனுப்பவில்லை. இயேசுவின் திருப்பெயரைக் கதிரொளியோடு வரைந்து காட்டி, “இனி இதனைத் தீட்டி விற்றுப் பிழைப்பாயாக” என்றாராம். பறித்த இடத்தில் வேறொன்றை வைத்துச் சென்றார் அவர். நாமோ எரிக்கச் சொன்னோமேயன்றி, எரிந்த இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில் இதனைத் தெளிவுபடுத்துகிறது. தற்செயல் ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல; ஒருவர் தமக்கும் பிறர்க்கும் வேண்டிய வாழ்வாதாரத்தை அவை பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன; சூதின் மீதுள்ள வேட்கை மனிதனை அடிமையாக்கும் ஆபத்துடையது. இதுவே அப்போதனையின் சாரம்.

இல்லத்தார் எளிதில் கையாளத்தக்க உரைகல் ஒன்றையும் இங்கே கூற விரும்புகிறோம். ஓர் ஆட்டத்திலிருந்து பணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது என்ன? உள்ளே வெளியே என்று சீட்டு விழும் மங்காத்தாவில் பணத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்திற்குமேல் எவரும் அதனை ஆட மாட்டார். இருபத்தெட்டில் காசே இல்லாவிடினும் ஆட்டம் முழுமையும் அப்படியே இருக்கும். காசின்றியும் ஆடத் தகுந்தது ஆட்டம். காசின்றி ஆட முடியாதது சூது. நல்ல ஆட்டத்தையும் காசு புகுந்து கெடுக்கும் என்பதனையும் மறத்தலாகாது.

கடல் கடந்து வந்து நம்மதானவை

சீட்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. மொகலாய அரசர் பாபர் 1527இல் சிந்து நாட்டு மன்னருக்குக் கஞ்சிபா என்னும் சீட்டுகளை அனுப்பியதைத் தமது வரலாற்றில் குறித்துள்ளார். வட்டமான அச்சீட்டுகளில், திருமாலின் பத்து அவதாரங்களைத் தீட்டிய 120 சீட்டுகள் கொண்ட வகையும் உண்டு. அவை பெரும்பாலும் கைவினைஞர் தீட்டியவை.

இன்று நம் வீடுகளில் காணும் 52 சீட்டுகள் கொண்ட கட்டு ஐரோப்பியர் வழி வந்தது. தூத்துக்குடியை முதலில் போர்த்துக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும் ஆண்டனர். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என நம்மவர் வழங்கும் பெயர்களை உற்றுக் கேளுங்கள். டச்சு மொழியில் இதயச் சீட்டுக்கு ‘ஹார்ட்டன்’ என்றும், மூவிலைச் சீட்டுக்குக் ‘கிளாவரன்’ என்றும் பெயர். ‘இஸ்பேட்’ என்பதோ போர்த்துக்கீசியரின் ‘எஸ்பாதாஸ்’ என்னும் சொல்லை ஒத்திருக்கிறது. வந்தவர் சென்றுவிட்டனர், அவர்தம் சொற்கள் நம் ஆச்சிமாரின் நாவில் தங்கிவிட்டன.

சிறுவர்க்கு ஏற்றது ‘கழுதை’ ஆட்டம். எல்லாச் சீட்டுகளையும் அனைவர்க்கும் பகிர்ந்துவிடுவர். ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவரும் இறக்க வேண்டும். அவ்வினம் கையில் இல்லாதவர் வேறு இனத்தால் வெட்டுவார். வெட்டு விழுந்ததும், முதல் இனத்தில் மிகப்பெரிய சீட்டை இறக்கியவர் கிடக்கும் சீட்டுகள் அனைத்தையும் சுமக்க வேண்டும். இறுதியில் சீட்டுகளோடு எஞ்சி நிற்பவரே கழுதை. பெரிய சீட்டைக் கையில் வைத்திருப்பதே சிலபோது ஆபத்தாகும் என்பதை எட்டு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே கற்கிறது.

இருபத்தெட்டு அதனினும் ஆழமானது. கட்டிலிருந்து ஏழு முதல் ஆஸ் வரையுள்ள 32 சீட்டுகளை மட்டும் எடுப்பர். நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1 என மதிப்பு. ஓர் இனத்திற்கு ஏழாக, நான்கு இனத்திற்கும் இருபத்தெட்டு ஆகிறது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள். அவற்றைக் கொண்டே, தம் பக்கம் எத்தனை எடுக்க இயலும் என்று பதினான்கு முதல் கேள்வி கேட்பர். மிகுதியாகக் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பார். பின்னரே மீதி நான்கு சீட்டுகள் பகிரப்படும்.

இவ்வாட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பு ஒன்றுமில்லை. ஏவலாளான ஜாக்கியே முதல்வன். அடுத்து வருவது எளிய ஒன்பது. கடையர் முதல்வராவர் என்னும் நற்செய்திப் பாடத்தை மறைக்கல்வி வகுப்பில் நாம் விளக்கியபோது, ஒரு சிறுமி எழுந்து, “இருபத்தெட்டு மாதிரியா சாமி?” என்று கேட்டாள். அதனினும் நல்ல உவமையை நம்மால் அன்று தர இயலவில்லை.

இலங்கைத் தமிழர் ஆடும் ‘முந்நூற்று நான்கு’ இதன் உடன்பிறப்பு. அதிலும் 32 சீட்டுகளே. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்திற்கு 76 ஆகிறது. நான்கு இனமும் கூடினால் 304. நெதர்லாந்து மக்கள் ஆடும் ‘கிளாவர்யாஸ்’ என்னும் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் தலைமை பெறுகின்றன. ஆகவே இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பர் ஆய்ந்தோர். போரினால் ஊரையும் வீட்டையும் விட்டுச் சென்ற ஈழத்துக் குடும்பங்கள் இவ்வாட்டத்தையும் உடன் கொண்டு சென்றன. ஒரு சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் வைத்துவிடலாம். ஆனால் அதனை ஆடும் முறையை மூத்தோர் ஒருவர் இளையோர் ஒருவருக்குச் சொல்லித் தந்தாலன்றி அது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

திரையில் வந்த சீட்டு

இனி, அப்பேரனின் கைப்பேசிக்கு வருவோம். பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைப் பற்றி நமது சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் நெடுங்காலம் வாதிட்டுள்ளன. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என உச்ச நீதிமன்றம் 1967இல் ஒரு வழக்கில் கூறியது. தமிழகச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பி அனுப்ப, மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே எனக் கூறி, தடைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ தற்செயலோ என்ற வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். ஆனால் ஓர் உண்மையைப் பெற்றோர் உணர வேண்டும். வீட்டில் ஆடும் ஆட்டத்திற்கு முடிவு உண்டு. அடுப்பில் சோறு வெந்துவிடும், செபமாலைக்கு மணி அடிக்கும், ஆச்சிக்கு உறக்கம் வரும், ஆட்டம் கலையும். திரையில் ஆடும் ஆட்டத்திற்கு முடிவே இல்லை. அங்கே “போதும், எழுந்திரு” என்று சொல்ல ஒருவருமில்லை. தோற்றவனின் முகத்தை வென்றவன் காண்பதில்லை. மனிதனுக்கு நேரே அமர்ந்து ஆடுகையில், எதிரிலிருப்பவரின் வாட்டம் நமது பேராசையைத் தடுக்கிறது. முகமில்லா ஆட்டத்தில் அத்தடுப்பு இல்லை.

கைப்பேசியையே வெறுத்து ஒதுக்குங்கள் என்று மீண்டும் ஓர் அவசர மறையுரை செய்ய நாம் விரும்பவில்லை. தந்தை வெளிநாட்டில் உழைக்கும் இல்லங்களில் அவரது முகத்தைக் காட்டுவது அக்கருவியே. நாம் வேண்டுவது அவ்விடத்தில் வேறொன்றை வைப்பதே.

இல்லங்களுக்குச் சில வேண்டுகோள்கள்

முதலாவது, பணம் எவ்வளவு சிறிதாயினும் வேண்டாம். ஒரு ரூபாய்தானே என்று தொடங்குவது ஒரு ரூபாயோடு நிற்பதில்லை. புளியமுத்து, சோழி, சட்டைப் பொத்தான் எதுவும் போதும்.

இரண்டாவது, வயதறிந்து கற்பியுங்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைக்குப் பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் கொடுத்தாலே அது சீட்டாகிவிடும். எட்டு வயதில் கழுதை. பன்னிரண்டு வயதில் இருபத்தெட்டு. சின்னக் கையில் சீட்டுகள் நில்லாமல் சரியும். பொறுமையாக விசிறிபோல் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

மூன்றாவது, குழந்தைக்காக எப்பொழுதும் தோற்றுக்கொடாதீர்கள். தாத்தா வேண்டுமென்றே தோற்கிறார் என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொள்ளும். பின்னர் வென்றாலும் மகிழாது. அதேபோல் தோற்ற பிள்ளையை எள்ளி நகையாடவும் வேண்டாம். வெற்றியைத் தாங்கவும் தோல்வியைத் தாங்கவும் வீடே முதற் பள்ளி. அழுகுணி ஆட்டம் ஆடும் பிள்ளையை அடித்துத் திருத்துவதைவிட, அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பொய் ஆட்டத்தைக் கொன்றுவிடும் என்பதை அது தானே உணரும்.

நான்காவது, மூத்தோரை நடுவில் அமர்த்துங்கள். இருபத்தெட்டில் விழுந்த சீட்டு எது, விழாத சீட்டு எது என்பதை நினைவில் வைத்தே ஆட வேண்டும். கூட்டாளிக்குக் கண்ணால் சாடை காட்டலாகாது. அவர் இறக்கும் சீட்டைக் கொண்டே அவர் மனத்தை அறிய வேண்டும். இதனைப் பாட்டனோடு அமர்ந்து ஆடிய பிள்ளை, பாட்டனின் மனத்தையும் அறியும். காது மந்தமான முதியவருக்கும் சீட்டு பேசும்.

ஐந்தாவது, நேரத்தை வரையறுங்கள். படிப்பும் செபமும் உணவும் முடிந்தபின் ஒரு மணி நேரம் போதும். சலேசியார் எச்சரித்ததுபோல், பொழுதுபோக்கு நீண்டால் அது நமக்குத் தொழிலாகிவிடும்.

மீண்டும் அத்திண்ணையில்

பணி மாற்றலாகி அவ்வூரை விட்டுச் செல்லுமுன், கடைத்தெருவில் புதிய சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். “ஐயா, அன்று நான் பாதியே சொன்னேன். மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்” என்றோம். அவர் கட்டைக் கையில் வாங்கி, உறையைப் பிரிக்காமல் நெடுநேரம் வைத்திருந்தார். பின்னர் உள்ளே பார்த்து, “ஏலே, இங்க வா” என்று பேரனை அழைத்தார்.

பேரன் உடனே வந்துவிடவில்லை. அவனது கடனும் அவமானமும் ஒரே நாளில் தீர்வனவும் அல்ல. கைப்பேசியைத் தாயிடம் ஒப்படைத்து, பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் மாலை வேலை செய்து, தங்கையின் கட்டணத்தைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டிருந்தான். அன்று ஆச்சி மீண்டும் அழைத்தபின், தாத்தாவுக்கு எதிரே கூட்டாளியாக வந்து அமர்ந்தான். ஆச்சிக்குக் கூட்டாளியாக நாம் அமர்ந்தோம். ரம்மியை விரைவாக ஆடும் அவன் இருபத்தெட்டை மறந்திருந்தான். ஒன்பது பெரிதா, ஆஸ் பெரிதா என்று தாத்தாவைக் கேட்டான். தாத்தா பொறுமையாகச் சொன்னார்.

இரண்டாம் ஆட்டத்தின் நடுவே வெளிநாட்டிலிருந்து தந்தையின் அழைப்பு வந்தது. தாய் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்தார். திரையில் தந்தையின் முகம் தெரிந்தது. “கேள்வி எத்தனை?” என்பதே அவர் கேட்ட முதற் சொல். “பதினெட்டு. நீ வாயைத் திறக்காதே” என்றார் பெரியவர். தந்தை சிரித்தார், பேரனும் சிரித்தான்.

நாம் துருப்பை மறந்து ஜாக்கியை இறக்கி, ஆட்டத்தைத் தோற்றோம். ஆச்சி நம்மைப் பார்த்த பார்வையில் எமது மறையுரை முழுவதற்கும் மறுமொழி இருந்தது.

இவ்விதழைப் படிக்கும் இல்லத்தாரே, சாரல் பெய்யும் நாளொன்றில் உங்கள் வீட்டு மூத்தோர் ஒருவரை அணுகி, “தாத்தா, உங்கள் காலத்தில் என்ன ஆட்டம் ஆடினீர்கள்?” என்று கேளுங்கள். கேட்கும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் சொல்லித் தரக் காத்திருக்கிறார். இறைவன் உங்கள் இல்லங்களை மகிழ்ச்சியால் நிரப்புவாராக.